கடைசிச் சுரம் எங்கே விழுகிறது? பீட்டில்ஸ் பாடல்களின் முடிவுகள்

1963 ஜூலை 1 அன்று லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு பீட்டில்ஸ் நால்வரும் ஒரு புதுப் பாட்டோடு வந்தார்கள். நியூகாசில் நகரத்து விடுதி அறையில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சில நாட்களுக்கு முன்புதான் எழுதத் தொடங்கிய 'ஷி லவ்ஸ் யூ'. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்குப் பாட்டு பிடித்துவிட்டது, முடிவு பிடிக்கவில்லை. மூன்று குரல்கள் சேர்ந்து நிற்கும் கடைசிச் சுரக்கூட்டில் வழக்கமான மூன்று சுரங்களுக்கு மேல் ஒன்று கூடுதலாக இருந்தது. நம் சுரப்பெயர்களில் சொன்னால், ஸ, க, ப என்று முடிய வேண்டிய இடத்தில் தைவதமும் சேர்ந்து நின்றது. கிளென் மில்லர் காலத்து நடனக் குழுக்கள் அடித்துத் துவைத்த பழைய சரக்கு இது என்பது மார்ட்டினின் கருத்து. முறையாக இசை படித்த அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் பையன்கள் அசையவில்லை. அந்தச் சத்தம் அவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மார்ட்டின் விட்டுக்கொடுத்தார்.

இன்று கேட்டாலும் அந்தத் தைவதம்தான் வேலை செய்கிறது. பாட்டு முடிகிறது, ஆனால் காலை நீட்டி உட்காரவில்லை. தைவதத்தை எடுத்துவிட்டு வெறும் ஸ-க-ப என்று முடித்துப் பார்த்தால், அந்த ஆண்டு வந்த எத்தனையோ பாட்டுகளில் ஒன்றாகிவிடும்.

பீட்டில்ஸைப் பற்றி எழுதியவர்கள் தொடக்கங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 'எ ஹார்ட் டேஸ் நைட்'டின் முதல் கிட்டார் வீச்சில் என்னென்ன சுரங்கள் இருக்கின்றன என்று கணிதப் பேராசிரியர் ஒருவரே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். முடிவுகளுக்கு அந்த அளவு கவனிப்பு இல்லை. என் பார்வையில், 1962 முதல் 1970 வரை அவர்கள் ஒலிப்பதிவில் செய்த மாற்றங்களிலேயே துணிச்சலானவை முடிவுகளில்தான் இருக்கின்றன. பாட்டு முடியும் இடத்தை அவர்கள் மேடையிலிருந்து பெயர்த்தெடுத்து ஒலிநாடாவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

மேடையில் முடிவு என்பது உடம்பின் வேலை. கைதட்டு எப்போது தொடங்க வேண்டும் என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க், லிவர்பூல் மனமகிழ் மன்றங்களில் மணிக்கணக்காக வாசித்துப் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கடைசிச் சுரக்கூட்டு விழுந்ததும் எல்லோரும் இடுப்பை வளைத்து ஒருசேரக் குனிந்து வணங்குவார்கள். மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் பழக்கிவிட்ட வணக்கம் அது. அந்தக் குனிவுக்குத் தோதாகத் திட்டவட்டமாக அறுந்து நிற்கும் முடிவுகள் தொடக்ககாலப் பாட்டுகளில் நிறைய. 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, ஜலதோஷத்தில் தொண்டை கட்டிய லெனன் கடைசியாகப் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இதற்கு நல்ல உதாரணம். பாட்டு அவர்கள் எழுதியதல்ல, முடிவில் தெரியும் மூச்சுமுட்டல் அவர்களுடையது. இரண்டாம் முறை பாட லெனனிடம் குரல் மிச்சமில்லை. முதல் டேக்தான் தட்டில் ஏறியது.

மேடையில் செய்ய முடியாத ஒரு முடிவு அப்போதே புழக்கத்தில் இருந்தது. ஃபேட் அவுட். பாட்டு ஓடிக்கொண்டே இருக்க, ஒலி மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து மறையும். இந்த ஆசை ஒலிப்பதிவுக் கருவிக்கு முந்தியது. இங்கிலாந்தின் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 'தி பிளானட்ஸ்' தொகுப்பின் கடைசிப் பகுதியான 'நெப்டியூன்' முடிவில் பெண்கள் குழுவை அடுத்த அறையில் நிறுத்திப் பாடவைத்து, கதவை மெதுவாகச் சாத்தச் சொல்லிக் குறிப்பு எழுதினார். 1918இல் முதன்முதலில் அது அரங்கேறியது. மிக்ஸிங் மேசை வந்த பிறகு கதவும் ஆளும் தேவைப்படவில்லை, விரல் நுனியில் ஒரு குமிழ் போதும். மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டிய சிறு தட்டுக்கும் வசதி, பாட்டின் வால்மீது பேசும் வானொலி அறிவிப்பாளருக்கும் வசதி. எப்படி முடிப்பது என்று தெரியாதவர்களுக்கும் வசதி என்று சேர்த்துக்கொள்ளலாம். அறுபதுகளின் பாதிப் பாட்டுகள் இந்தச் சோம்பேறித்தனத்தில்தான் மறைகின்றன.

பீட்டில்ஸும் இந்த வசதியை அனுபவித்தார்கள். ஆனால் ஃபேட் அவுட் தொடங்கும் நேரத்தில் புதிதாக ஒன்றைக் காதில் போட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கமாயிற்று. 1964 ஏப்ரலில் பதிவான 'எ ஹார்ட் டேஸ் நைட்' முடிவில், தொடக்கத்தில் ஒரே வீச்சில் அடித்த சுரங்களை ஜார்ஜ் ஹாரிசன் தன் 12 தந்திக் கிட்டாரில் ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்ட, அது மறைகிறது. 1965இன் 'டிக்கெட் டு ரைட்' நடையே மாறி, ஏறக்குறைய இரட்டை வேகத்தில் ஓடிக்கொண்டே மறைகிறது. 'எய்ட் டேஸ் எ வீக்' இன்னும் குறும்பு: மறைந்து முடிய வேண்டிய பாட்டு மறைவிலிருந்து வந்து தொடங்குகிறது, முடிவோ திடமாக நிற்கிறது.

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்த கச்சேரிதான் அவர்கள் கட்டணம் வாங்கி மேடை ஏறிய கடைசிக் கச்சேரி. அதன் பிறகு குனிந்து வணங்க வேண்டிய அவசியம் போயிற்று. முடிவுகள் அவிழ்த்துவிட்டது போல் ஆயின.

அந்தக் கச்சேரிக்குச் சில வாரங்கள் முன்பு வந்த 'ரிவால்வர்' தொகுப்பிலேயே இதற்கு ஒரு முன்னோட்டம் உண்டு. 'லவ் யூ டூ' ஹாரிசன் எழுதியது. அனில் பகவத் தபலா வாசித்த அந்தப் பாட்டு ஹிந்துஸ்தானி கச்சேரியின் போக்கைப் பின்பற்றி இறுதியில் துரித கதிக்குப் போகிறது. கச்சேரியாக இருந்தால் அந்த வேகத்தின் உச்சியில் ஒரு திஹாய் விழும், மூன்று முறை வந்து சமத்தில் முட்டி நிற்கும். தட்டில் அது வருவதற்குள் ஒலி மறைந்துவிடுகிறது. எங்கே முடியும் என்று தெரிந்து விரலை மடக்கிக்கொண்டு காத்திருக்கும் நம்மூர்க் காதுக்கு இது ஏமாற்றம்தான். ராகத்தையும் தாளத்தையும் கடன் வாங்கியவர், முடிக்கும் முறையை மட்டும் தன் ஊர்த் தொழில்நுட்பத்திடமே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டின் 'விதின் யூ விதவுட் யூ' முடிந்த கையோடு ஒரு சிரிப்பலை கேட்கும். பாட்டின் கனத்தைக் குறைக்க ஹாரிசனே கேட்டுச் சேர்த்தது, கூடத்தின் ஒலிக் கிடங்கிலிருந்து எடுத்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் ஒரு கூச்சம் கேட்கிறது.

1967 பிப்ரவரியில் வந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' மறைந்து, அடங்கி, மீண்டும் வருகிறது. திரும்பி வரும்போது மெட்டு இல்லை, பாடல் இல்லை. முரசுகளும் பின்னோக்கி ஓடும் ஒலிகளும் கலந்த ஒரு கலவரம். அதன் அடியில் லெனன் கிரான்பெரிக் குழம்பைப் பற்றி எதையோ முணுமுணுக்கிறார். 1969இல் மெக்கார்ட்னி செத்துப்போய்விட்டார், அவர் இடத்தில் வேறொருவர் நடிக்கிறார் என்று அமெரிக்காவில் வதந்தி கிளம்பியபோது, அந்த முணுமுணுப்பை அடக்கம் பற்றிய வாக்குமூலமாகக் கேட்டவர்கள் ஏராளம். ஃபேட் அவுட்டுக்குப் பிறகும் ஏதோ இருக்கிறது என்று பழக்கப்படுத்திவிட்டால், ஒன்றுமில்லாத இடத்திலும் ரசிகர்கள் தோண்டத்தான் செய்வார்கள்.

1967இன் 'ஐ ஆம் தி வால்ரஸ்' முடிவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஏழு சுரக்கூட்டுகள் வட்டமாகச் சுற்றுகின்றன. கீழே மந்தர ஒலி ஒவ்வொரு படியாக இறங்குகிறது, மேலே வயலின்கள் ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. ஒரே படிக்கட்டில் ஒருவர் இறங்க ஒருவர் ஏறுவதால் இதற்கு இயல்பான நிறுத்தம் கிடையாது. நடுவே மைக் சாம்ஸ் குழுவின் 16 பாடகர்கள் அர்த்தமில்லாத கோஷங்களைப் போடுகிறார்கள். இது போதாதென்று 1967 செப்டம்பர் 29 அன்று மிக்ஸிங் நடக்கும்போது ஒரு வானொலிப் பெட்டியை மேசையோடு இணைத்து, நிலையங்களைத் திருகிக்கொண்டே போனார்கள். பி.பி.சி.யில் அப்போது ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் அங்கத்தில் ஆஸ்வால்ட் என்ற பாத்திரம் சாகும் காட்சி அப்படியே பாட்டின் வாலில் வந்து விழுந்தது. வானொலி நேரடியாக மோனோ மிக்ஸிங்கில் கலந்துவிட்டதால் அதைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் பழைய ஸ்டீரியோ பதிப்பில் பாட்டின் முன்பகுதி அசல் ஸ்டீரியோவாகவும், வானொலி வரும் பின்பகுதி மோனோவைச் செயற்கையாக விரித்ததாகவும் இருக்கும். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால் பாதியில் ஒலி சட்டென்று மங்குவது தெரியும். எழுதாத ஒன்றை, அந்த ஒரு இரவில் மட்டும் காற்றில் இருந்த ஒன்றை, முடிவுக்குள் நிரந்தரமாகச் சேர்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கை 1967 ஜூன் 25 அன்று. செயற்கைக்கோள் வழியே பல நாடுகளில் நேரலையாக ஒளிபரப்பான 'அவர் வேர்ல்ட்' நிகழ்ச்சிக்காக 'ஆல் யூ நீட் இஸ் லவ்' தயாரானது. அதன் முடிவில் மார்ட்டின் பாக் இசையின் துண்டு ஒன்று, 'கிரீன்ஸ்லீவ்ஸ்' நாட்டுப்பாடல், 'இன் தி மூட்' என்று பலதையும் கோத்து ஒரு கதம்பம் கட்டினார். 'இன் தி மூட்' கிளென் மில்லர் குழு உலகப் புகழ் ஆக்கிய மெட்டு. அதன் உரிமை காலாவதியாகவில்லை என்று பதிப்பாளர்கள் வந்து நிற்க, இ.எம்.ஐ. பணம் கட்டித் தீர்க்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் கிளென் மில்லர் வாடை அடிக்கிறது என்று ஒரு முடிவை ஒதுக்கப் பார்த்தவர் இதே மார்ட்டின்தான். கதம்பத்தின் வாலில் 'ஷி லவ்ஸ் யூ'வின் ஒரு துண்டும் கேட்கிறது.

'எ டே இன் தி லைஃப்' முடிவைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. 1967 ஜனவரியில் பதிவு தொடங்கியபோது முடிவு கையில் இல்லை, நடுவே 24 தாள அளவுக்கு வெற்றிடம் மட்டும் விட்டுவைத்தார்கள். பிப்ரவரி 10 அன்று 40 இசைக்கலைஞர்கள் வந்து, தங்கள் கருவியின் அடிச்சுரத்திலிருந்து உச்சிக்கு, பக்கத்தில் இருப்பவரைப் பாராமல் ஏற வேண்டும் என்ற மார்ட்டினின் குறிப்புப்படி அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். சேர்ந்து வாசிப்பதே தொழிலாகக் கொண்டவர்களிடம் சேராதீர்கள் என்று சொல்வது எளிதல்ல. ஏறி நின்ற உச்சியிலிருந்து இறங்குவது எப்படி? அன்றிரவே கூடத்தில் இருந்தவர்களை வைத்து ஒரு நீண்ட முனகலைப் பதிவு செய்து பார்த்தார்கள். உச்சிக்கு ஈடாக அது நிற்கவில்லை.

பிப்ரவரி 22 அன்று விடை கிடைத்தது. மூன்று பியானோக்களில் லெனன், மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், உதவியாளர் மால் எவன்ஸ் ஆகியோர் ஒரே சுரக்கூட்டை ஒரே நேரத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். எல்லோர் கையும் ஒரே கணத்தில் விழ 9 டேக் தேவைப்பட்டது. அதன்மேல் மீண்டும் மீண்டும் அதையே அடுக்கினார்கள், மார்ட்டினின் ஹார்மோனியமும் சேர்ந்தது. பியானோ தந்தியின் ஒலி அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். அது தேயத் தேய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஒலிமட்டத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒலி 40 விநாடிகளுக்கு மேல் நிற்பதன் ரகசியம் அதுதான். ஃபேட் அவுட்டில் இசை ஓடிக்கொண்டிருக்கக் கை குமிழை இறக்கும். இங்கே இசை செத்துக்கொண்டிருக்கக் கை குமிழை ஏற்றுகிறது. கடைசி விநாடிகளில் மட்டம் அவ்வளவு உயர்ந்திருந்ததால் யாரோ அசைந்த கிறீச் சத்தமும் குளிர்சாதனக் கருவியின் இரைச்சலும் தட்டில் பதிந்துவிட்டன. அந்தக் கிறீச் சத்தம் இருப்பதால்தான் இது மனிதர்கள் உட்கார்ந்து செய்த ஓசை என்று நம்ப முடிகிறது. யாராவது அதைத் துடைத்தெடுத்து ஒரு 'சுத்தமான' பதிப்பு கொண்டுவந்தால் நான் வாங்க மாட்டேன்.

அதோடும் விடவில்லை. இந்தப் பாட்டோடு முடியும் தொகுப்புக்குப் பிரிட்டனில் வந்த முதல் தட்டுகளில், அந்தச் சுரக்கூட்டு அடங்கிய பிறகு நாய்களுக்கு நன்றாகக் கேட்கும் 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று வரும். பிறகு ஊசி கடைசியில் போய்ச் சுற்றும் உள்வட்டக் கோட்டில் அர்த்தமில்லாத பேச்சுச் சிதறல். தானே முள்ளைத் தூக்கிக்கொள்ளும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு கணம் கேட்டு நிற்கும். சாதாரணக் கருவிக்காரர் எழுந்து போய் முள்ளை எடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தட்டில் இது இல்லை, பிரிட்டனிலும் பின்னால் வந்த பதிப்புகளில் விடுபட்டது. 1987இல் சி.டி. வந்தபோது திரும்பச் சேர்த்தார்கள். ஆனால் சி.டி.யில் உள்வட்டம் ஏது? சில முறை சுற்றிவிட்டு மறைகிற மாதிரி ஃபேட் அவுட் செய்ய வேண்டியிருந்தது. முடிவே இல்லாமல் செய்த ஒன்றுக்கு முடிவு கட்டிய தொழில்நுட்பம் அது.

1968இன் 'ஹே ஜூட்' 7 நிமிடம் 11 விநாடி. அதில் பாட்டு என்று சொல்லத்தக்கது சுமார் 3 நிமிடம், மீதி 4 நிமிடம் வால். டிரைடன்ட் கூடத்தில் ஆகஸ்ட் 1 அன்று வந்த 36 பேர் கொண்ட இசைக்குழுவையே கைதட்டிப் பாடவும் கேட்டார்கள், அதற்கு இரட்டைச் சம்பளம். ஒருவர் மறுத்து வெளியேறினார் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 9 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டைக் குறை சொல்வது வம்பு. ஆனாலும் தட்டில் கேட்கும்போது அந்த வால் ஒரு நிமிடம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. கூட்டத்தோடு நின்று பாடினால் அது தெரியாது. மேடையை விட்டு விலகி இரண்டு ஆண்டு ஆனவர்கள் கூட்டத்தைத் தட்டுக்குள் வரவழைத்துப் பார்த்த முயற்சி அது. அதே ஆண்டின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மறைந்து மறைந்து திரும்பி வந்து, விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ அலறுவதோடு முடிகிறது. மோனோ பதிப்பில் அந்த அலறல் கிடையாது. 'லாங் லாங் லாங்' முடிவில் கேட்கும் நடுக்கம், ஒலிபெருக்கிப் பெட்டிமேல் இருந்த ஒயின் பாட்டில் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு அதிர்ந்ததால் வந்தது.

என்னைக் கேட்டால் எல்லா முடிவுகளிலும் தலையானது 'ஐ வான்ட் யூ'. 1969இன் 'அபி ரோட்' தொகுப்பில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. இறுதி 3 நிமிடம் ஒரே கிட்டார் அடவு, கனத்த நடை, மாறுவதே இல்லை. ஹாரிசன் வாங்கிவைத்திருந்த மூக் சிந்தசைசரில் லெனன் எழுப்பிய காற்றிரைச்சல் மெல்ல ஏறி எல்லாவற்றையும் மூடத் தொடங்குகிறது. இனி ஃபேட் அவுட் வரும் என்று காது தயாராகிவிடுகிறது. எமெரிக்கும் அப்படித்தான் எதிர்பார்த்தாராம். லெனன் நாடாவில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே வெட்டு என்றார். அவர் வெட்டினார். அடவின் நடுவே, சுரம் முடியாமல், இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போதே வெறும் நிசப்தம். மேடையில் எந்தக் குழுவாலும் இதைச் செய்ய முடியாது, எவ்வளவு சேர்ந்து நிறுத்தினாலும் அரங்கத்தில் எதிரொலி மிஞ்சும். கத்தரித்த நாடாவில் எதிரொலிகூட மிஞ்சாது. இந்தப் பாட்டை ஒட்டி முடித்த 1969 ஆகஸ்ட் 20தான் நால்வரும் கூடத்தில் ஒன்றாக இருந்த கடைசி நாள் என்பது வரலாற்றில் பதிவானது.

அதே தட்டின் மறுபக்கம் தற்செயலில் முடிகிறது. 'தி எண்ட்' என்றே பெயர் வைத்த பாட்டோடு எல்லாம் முடிந்து, சுமார் 14 விநாடி மௌனம். பிறகு 23 விநாடி நீளமுள்ள 'ஹெர் மெஜஸ்டி'. அந்தப் பக்கத்தில் இடைவெளியின்றித் தொடரும் பாடல் கோவையின் நடுவில்தான் அது முதலில் இருந்தது. மெக்கார்ட்னி வேண்டாமென்று தூக்கிப் போடச் சொன்னார். எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பது கூடத்தின் விதி, எனவே உதவி ஒலிப்பதிவாளர் ஜான் கர்லாண்டர் வெட்டிய துண்டை வெற்று நாடாவுக்குப் பின்னால், கோவையின் வாலில் ஒட்டிவைத்தார். மாதிரித் தட்டில் அது அப்படியே வந்துவிட, மெக்கார்ட்னிக்குப் பிடித்துப்போயிற்று. வெட்டிய இடம்கூடத் திருத்தப்படவில்லை. முதலில் விழும் பேரொலி கோவையில் அதற்கு முன் இருந்த 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்' பாட்டினுடையது, இந்தப் பாட்டின் சொந்தக் கடைசிச் சுரக்கூட்டோ இங்கே இல்லை.

1970 மே மாதம் வந்த 'லெட் இட் பி' தொகுப்பு 'கெட் பேக்' பாட்டோடு முடிகிறது. பாட்டு நின்றதும் லெனன் கூட்டத்துக்கு நன்றி சொல்லி, குரல் தேர்வில் தேறியிருப்போம் என்ற நம்பிக்கையைக் கிண்டலாகத் தெரிவிக்கிறார். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சாவில் ரோ தெருவில் இருந்த தங்கள் அலுவலகத்தின் மொட்டைமாடியில் வாசித்தபோது, போலீஸ் வந்து நிற்க, அவர் சொன்னதுதான் அது. ஆனால் அதற்கு முன் ஒலிக்கும் பாட்டு மொட்டைமாடியில் வாசித்ததல்ல. சில நாட்கள் முன்பு கீழே கூடத்தில் பதிவானதை எடுத்து, மாடியில் பேசிய பேச்சைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒட்டினார். மேடையில் முடிவது போன்ற அந்த முடிவும் மேசையில் தயாரானதுதான்.

இந்தப் பாட்டுகளைக் கைப்பேசியில் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலிகளில் ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் என்ற வசதி இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். 'ஐ வான்ட் யூ' வெட்டுப்பட்டு நின்றதும், தட்டைத் திருப்பிப் போட ஆகும் நேரத்துக்காவது கைப்பேசியை நிறுத்திவையுங்கள். அடுத்த பாட்டான 'ஹியர் கம்ஸ் தி சன்' அந்த இடைவெளியை எதிர்பார்த்து வைத்தது.